ருஷ்யப் பனைகள்

ருஷ்ய மொழியில் ஓர் எழுத்தும் அறியாத ஒருவர், ஒரு ருஷ்ய நாவலாசிரியர் இன்னொருவரிடமிருந்து என்ன கற்றார் என்பதைப் புத்தக அளவுக்கு எழுதிவிட முடியும் என்றால், அவர் எங்கள் வாசகர் மன்றத்தின் தலைவர் முனைவர் திரவியமாகத்தான் இருக்க முடியும்.

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் மன்றம் கூடுகிறது. அங்கே அந்த இரு நாவலாசிரியர்களையும் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. முந்திய தலைமுறைக்காரர் பெரியவர், பிந்தியவர் சின்னவர். மரியாதை என்று வெளியாரிடம் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர்களை உச்சரிக்க உறுப்பினர்களின் நாக்கு வளைவதில்லை.

இருவரின் நாவல்களிலும் ஒவ்வொன்றைச் சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தங்கித் தமிழாக்கியவர் மார்த்தாண்டத்துக்காரர் ஞானசிகாமணி. அவ்விரண்டையும் ஒரே தொகுதியாக மறுபதிப்புச் செய்ய மன்றம் முடிவெடுத்தது. திரவியம் முன்னுரை எழுதினார்; அது நாவலைவிடச் சற்றே சிறியது. மெய்ப்புப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

மறுபதிப்புக்கு ஞானசிகாமணியின் மகள் ஜெபமலரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கழக்கூட்டத்தில் மகனோடு வசிக்கிறார். பழைய பதிப்பின் உட்பக்க அடியில் எறும்பு போல ஒட்டிக்கிடந்த தம் தகப்பனாரின் பெயர் புதிய அட்டையில் வர வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டது. ஞானசிகாமணி சாகும்வரை கேட்டுக் கிடைக்காதது அது.

திரவியம் சிரித்தார்.

“மொழிபெயர்ப்பாளன் ஒரு பைப்பாக்கும் அம்மா. வெள்ளம் குடிக்கியவன் பைப்புக்க பேரக் கேப்பானா?”

அட்டையில் இடமும் இல்லை என்றார். அது பொய்யன்று, அவருடைய புகைப்படமே பாதி அட்டையை எடுத்துக்கொண்டிருந்தது. மன்றக் கூட்டம் முடியட்டும், கையெழுத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஜெபமலர் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள ஒரு முனைவரால்தான் முடியும்.

மெய்ப்பில் உட்கார்ந்தபோது முன்னுரையின் சாரம் எனக்கு விளங்கிற்று. பெரியவர் பனியின் ஆழத்தைப் பனை உயரத்தால் அளக்கிறார். இரண்டு பனை உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கிறது. சின்னவரின் நாவலிலும் அதே இரண்டு பனை. பெரியவரின் விதவைக்கு மனம் பதைக்கும்போது நாஞ்சில் நாட்டுப் பெண்களைப் போல ‘வெப்ராளம்’ வருகிறது. சின்னவரின் குதிரைக்காரனுக்கும் அதே வெப்ராளம். இப்படிப்பட்ட ஒற்றுமைகளை அடுக்கி, சின்னவரின் நடை பெரியவரின் நடையிலிருந்தே பிறந்தது என்று திரவியம் நிறுவியிருந்தார்.

பனிக்காட்டில் பனை ஏது? இரண்டு நாவல்களிலும் அதை நட்டவர் மார்த்தாண்டத்துக்காரர் அல்லாமல் வேறு யார்? சின்னவர் பெரியவரிடம் எதையும் கற்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கதையை முடித்துவைக்காமல் ஒரு பாத்திரத்தைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போகும் துணிவை அவர் அங்கிருந்துதான் பெற்றிருக்க வேண்டும். எந்த மொழியில் படித்தாலும் அது தெரியும். அதைப் பற்றி முன்னுரையில் ஒரு வரியும் இல்லை. இரண்டு ருஷ்யர்மீதும் ஒரு தமிழர் செலுத்திய செல்வாக்கைத்தான் திரவியம் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்தார், அது இன்னதென்று அறியாமலே.

இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். பனை ஒரு படிமம் என்றார். எதற்குப் படிமம் என்று கேட்டேன்.

“ஒற்று மிகுமா மிகாதான்னு மட்டும் பாரும் சாரே. படிமம் நமக்க ஏரியாவாக்கும்.”

மன்றம் கூடியது. திரவியம் முன்னுரையைச் சொற்பொழிவாக்கி, பனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். நாவல்களைப் படித்திராதவர்களே பலமாகக் கை தட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஜெபமலர் எழுந்தார். சிறுவயதில் தகப்பனாருடன் அந்த நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்ததாகவும், அங்கே ஒரு பனையையும் கண்டதில்லை என்றும் அமைதியாகத் தொடங்கினார்.

“அப்பாக்கு உயரம்னா பனைதான் சாரே. வீட்டு மதில அளந்தாலும் கால் பனைன்னுதான் சொல்லுவாரு. வெப்ராளம் எங்க அம்மைக்க வார்த்தை. இந்த ரெண்டு ருஷ்யக்காரனும் மார்த்தாண்டத்துல வந்தா படிச்சானுவ?”

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நாணமுள்ள எவரும் அந்த இடத்தில் மேடையைவிட்டு இறங்கியிருப்பார். திரவியம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பெரியவரின் செல்வாக்கு அவருடைய மொழிபெயர்ப்பாளர்வரை பாய்ந்திருக்கிறது என்பதையே அம்மையாரின் கேள்வி காட்டுகிறது என்றார். இதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்ப்பதாகவும், அவ்வகையில் தகப்பனாரின் பெயர் புத்தகத்தில் இடம்பெற்றுவிடும் என்றும் பெருந்தன்மையோடு அறிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் ஒப்புதல் தாளை நீட்டினார். ஜெபமலர் பேனாவைத் தொடவில்லை.

“நாவல் ரெண்டும் எங்ககிட்ட இருக்கட்டு. நீங்க முன்னுரைய வச்சுப் புஸ்தகம் போட்டுக்கிடுங்க.”

மன்றம் அதை அறிவுரையாகவே ஏற்றுக்கொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் முன்னுரை மட்டும் தனி நூலாக வந்து, பாராட்டு விழாவும் நடந்தது. இது எதற்கு முன்னுரை என்று உறுப்பினர் ஒருவரும் கேட்கவில்லை. நான் போகவில்லை.

நாவல்களை ஜெபமலர் தாமே அச்சிட்டார். அட்டையில் பெரியவர், சின்னவர், ஞானசிகாமணி ஆகிய மூவரின் பெயர்களும் ஒரே அளவில் இருந்தன. அந்த மெய்ப்பையும் நானே பார்த்தேன். முதல் படி கைக்கு வந்ததும், வெளியீட்டு விழா எப்போது என்று கேட்டேன். அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“விழா வேண்டாம் சாரே. கூட்டம் கூட்டினா உங்க தலைவரு பேச வந்துருவாரு.”

அது முற்றிலும் நியாயமாகப் பட்டது. புத்தகங்கள் விழா எதுவும் இல்லாமலே கிழக்கேகோட்டைக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.