பெரியக்காவின் பிரஷர்

பெரியக்காவுக்குக் கோபம் வந்தால் டிப்போவே ஒதுங்கி வழிவிடும். உருவத்துக்கு ஏற்ற குரல், குரலுக்கு ஏற்ற கை. பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்து வளர்த்த கை அது. அப்புறம் பழைய பேருந்துகளின் முரட்டு ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பியதில் இன்னும் உருண்டுவிட்டது. அவளைவிட வயதில் மூத்த மெக்கானிக்குகள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவளை, ‘வண்டி ஓட்டத் தகுதியில்லை’ என்று ஒரே வரியில் இறக்கிவிட்டார் கம்பெனி டாக்டர்.

வருடாந்தர உடல் பரிசோதனையில் நடந்த கூத்து அது. காலையிலிருந்து ஓட்டுநர்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. மேலே ‘இரத்த ஓட்டத்தின் விந்தைகள்’ என்று கொட்டை எழுத்து. இதயம் நம் கை முஷ்டி அளவுதானாம். அது ஒரு நாளைக்கு லட்சம் முறை துடிக்கிறதாம். உடம்பில் உள்ள இரத்தக் குழாய்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று முடிந்து நீட்டினால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றலாமாம். புறப்பட்ட இரத்தம் ஒரு நிமிடத்தில் உடம்பைச் சுற்றிவிட்டு இதயத்துக்கே திரும்பிவிடுமாம்.

“ரத்தம் ஒரு நிமிஷத்துல ரூட்டை முடிச்சு டிப்போ திரும்புது. இங்க கதவு திறக்க மத்தியானம் ஆகும் போல,” என்றாள் பெரியக்கா. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. நர்ஸ் அவள் புஜத்தில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். சுற்றி முடிக்க இடம் போதவில்லை. காற்றடித்ததும் ஒட்டு ‘பர்ர்’ என்று பிரிந்துகொண்டது. மறுபடி சுற்றினாள், மறுபடி பர்ர். மூன்றாம் தடவை, பிரியாமல் இருக்கத் தன் இரண்டு கையாலும் பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “நூத்தி எழுபது டாக்டர்,” என்றாள். சொல்லும்போது அவள் கண் ஒரு கணம் மூலையில் இருந்த கண்ணாடி அலமாரிப் பக்கம் போய் வந்தது. பெரியக்கா அதைப் பார்த்தாள். ஆனால் அப்போது அவளுக்கு அதன் பொருள் தெரியாது.

டாக்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “எடையைக் குறைங்க. உப்பைக் குறைங்க. மாத்திரை எழுதித் தரேன். வண்டியில ஏற வேண்டாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். தலைசுத்தல் இல்ல, மயக்கம் இல்ல. இந்தப் பட்டையே கையில நிக்க மாட்டேங்குது...”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க.”

“எல்லாரும் சொன்னா என்ன ஏதுன்னு கேக்க வேணாமா?” குரல் எழும்பிவிட்டது. டாக்டர் நர்ஸுக்குக் கண் காட்ட, இன்னொரு தடவை அளந்தாள். நூற்றி எண்பத்தைந்து. டாக்டர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைதான் பெரியக்காவுக்கு ஆறவேயில்லை. கோபப்பட்டால் ஏறும். ஏறினால் வண்டி போகும். வண்டி போனால் கோபப்படாமல் மனுஷி என்ன செய்வாள்? நியாயம் கேட்கிற வாயையே நோய் என்று எழுதிவைத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது!

பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் அவளை வேலைக்குப் போட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், தண்ணீர்ப் பாட்டில்கள். அவற்றுக்கு நடுவே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிப்போ முழுக்க ‘மாமா’ என்று கூப்பிடும் பழைய தொலைதூர ஓட்டுநர். கதவு அகலத்துக்கு உடம்பு. இரண்டு வருடத்துக்கு முன் அதே டாக்டர், அதே பட்டை, அதே உப்பு உபதேசம்.

“பழகிடும்மா,” என்றார் மாமா. பிறகு குடை ஒன்றை எடுக்க எழுந்தவர், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல. எந்திரிச்சா ஒரு சுத்து சுத்தும். மாத்திரை அப்படித்தான் செய்யும்னு டாக்டர் சொன்னார்.”

மலைப்பாதையில் பேருந்தைப் பூவாய் இறக்கிய மனிதர், ஒரு குடையை எடுக்க மேசையைப் பிடிக்கிறார். வீட்டுக்குப் போனால் அங்கே கணவன் உப்பு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, “கோபப்படாத, உனக்கு ஆகாது,” என்று பூனைபோல் நடமாடினான். அவனிடமும் கத்த முடியாமல் உப்புச்சப்பில்லாத சாப்பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண்மணி அரக்கப்பரக்க வந்தாள். நீச்சல் கற்றுத்தரும் டீச்சராம். பெரியக்காவுக்கு ஈடான தோள். பேருந்தில் ஒரு பெட்டியை விட்டுவிட்டாளாம்.

“உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்,” என்றாள் பெரியக்கா. அந்த அறையின் சட்டம் அது.

“பிரஷர் பார்க்கிற மெஷின். கூட பெரிய சைஸ் பட்டை. அதுக்குத்தாங்க அலையா அலைஞ்சேன்.”

பெட்டியைத் திறந்து சரிபார்த்த பெரியக்காவின் கை பட்டையில் நின்றுவிட்டது. “பட்டையில சைஸ் வேற இருக்கா?”

“சட்டைக்கு இருக்கும்போது இதுக்கு இருக்காதா? நம்ம கைக்குச் சின்னப் பட்டையைப் போட்டா, குழாயை அமுக்கவே அது கூடுதலா இறுக்கணும். அந்தக் கூடுதல் எல்லாம் நம்ம கணக்குல பிரஷரா ஏறும். என்னையும் பயமுறுத்தித்தான் அனுப்பினாங்க. உக்காருங்க, பார்த்துடலாம்.”

பட்டை புஜத்தைச் சுற்றி வந்து தன் ஒட்டில் அமைதியாக உட்கார்ந்தது. பர்ர் இல்லை. நூற்றி இருபத்தெட்டு. பெரியக்கா மெஷினைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். அப்புறம், “இவரும் ரெண்டு வருஷமா மாத்திரை முழுங்குறார்,” என்று மாமாவின் கையை இழுத்து மேசைமேல் வைத்தாள். தொண்ணூற்றி நாலு. டீச்சரின் முகம் மாறியது. “இவ்வளவு கம்மியா இருக்கு, இவருக்குப் பிரஷருக்கு மாத்திரையா குடுக்குறாங்க?”

அடுத்த நிமிடம் அறைக்குப் பூட்டு விழுந்தது. மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பெரியக்கா நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் முறை கேட்கத் துணியவில்லை. டீச்சரின் மெஷின் காட்டிய இரண்டு எண்களையும் டாக்டரிடம் சொன்னாள்.

“கடையில விக்கிற மெஷினை எல்லாம் நம்பிட்டு வந்து நிக்காதீங்க,” என்றார் டாக்டர்.

“சரி, நம்ப வேணாம். பெரிய பட்டையைப் போட்டு நீங்களே பாருங்க.”

“அதெல்லாம் இங்க இல்ல.”

நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எழுந்த குரல் அவளுடையதுதான் என்று அவளுக்கே நம்பிக்கையில்லாத மாதிரி இருந்தது. “இருக்கு டாக்டர்.” கண்ணாடி அலமாரியைத் திறந்து, உறை பிரிக்காத ஒரு பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். “மெஷின் வந்த அன்னிக்கே வந்தது. அழுக்காயிடும், உள்ளயே இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க.”

பெரியக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கைக்கு எட்டும் தூரம்! கண்ணாடிக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கிற இடத்தில், இரண்டு வருடமாக ஒரு மனிதனின் வேலை அழுக்குப்படாமல் பத்திரமாக இருந்திருக்கிறது.

முதலில் மாமாவை உட்காரவைத்தாள். இங்கேயும் தொண்ணூற்றைச் சுற்றித்தான் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், படிப்படியாகக் குறைப்பார்கள் என்று வேகவேகமாகச் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப ரெண்டு வருஷமா நான் எதுக்கு டாக்டர் அங்க உக்காந்திருந்தேன்?”

மாமாவின் குரலில் கோபமே இல்லாததுதான் பெரியக்காவால் தாங்க முடியாததாக இருந்தது.

“நீங்க உக்காருங்க,” என்றார் டாக்டர் அவளிடம். “கொஞ்சம் கோபத்தைத் தணிச்சுக்கிட்டு...”

“தணிக்க மாட்டேன். இருக்கிறபடியே அளங்க.”

நெஞ்சு திம்திம்மென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்றைய லட்சம் துடிப்பில் பாதி இந்த அறையிலேயே தீர்ந்துவிடும் போலிருந்தது. நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். “நூத்தி முப்பத்தெட்டு,” என்றாள் உரக்க. இத்தனை ஆத்திரத்துக்கும் அவ்வளவுதான். ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு நீட்டினார். சங்கடத்தில் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே, பழக்கதோஷத்தில் நர்ஸிடம் சொன்னார்.

“அதைத் துடைச்சு உள்ள வச்சுப் பூட்டிடும்மா.”

வாசல் வரை போயிருந்த பெரியக்கா திரும்பி வந்தாள். மேசைமேல் கிடந்த பெரிய பட்டையை எடுத்து நர்ஸின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மூடினாள். பிறகு கதவை அகலத் திறந்துவைத்து, பெஞ்சைப் பார்த்து, டிப்போவில் வண்டிக்கு ஆள் கூப்பிடும் குரலில் கேட்டாள்.

“இந்த டாக்டர்கிட்ட பிரஷர் மாத்திரை வாங்கினவங்க யார் யாரு? பட்டை பிரியப் பிரியச் சுத்தினது யார் யாருக்கு?”

விந்தைகள் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் கையைப் பார்த்தார்கள். கோடியில் இருந்த ஒருவர் எழுந்தார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, தலைசுற்றல் நிற்கும்வரை அப்படியே நின்றார்.