விபத்தில்லாப் பிரிவு

விடியும் முன்பே நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் இரையத் தொடங்கிவிட்டன. பறக்கிற பஞ்சு மூக்கை அடைக்க, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே நடந்தாள் செவ்வந்தி. சோமனூர்ப் பக்கத்து நூற்பாலை அது. அடுத்த மெஷினில் கனகம், மூடி இல்லாமல் ஓடும் பல்சக்கரத்திலிருந்து பஞ்சைக் கையால் இழுத்தாள். மெஷினை நிறுத்தினால் பேர் கெட்டுவிடும். அவள் போட்ட அலறல் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

கனகத்தின் விரல் நுனி தொங்கியது. செவ்வந்தி ஓடிவந்து அந்தக் கையைத் துணியால் சுற்றினாள். ஆனாலும் அவள் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"அம்மணி, ஊட்டுக் கிரைண்டர்ல மாட்டிப்போச்சுன்னு சொல்லிப்போடு!"

எச்.ஆர். மேனேஜர் கௌதமன் வந்ததிலிருந்து இப்படித்தான். ஒருத்திக்கு அடிபட்டதாகப் பதிவானால் பிரிவுக்கே தீபாவளிப் பரிசு கிடையாது. அடிபட்டவளைத் திட்ட மேஸ்திரி வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவளே திட்டிவிடுவாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குச் சிரித்த முகமாக வந்தான் கௌதமன். "நாமெல்லாம் ஒரே குடும்பமுங்க. கனகத்துக்கு ஊட்டுலதான் அடிபட்டுச்சுன்னு ஒவ்வொருத்தரா என்ர ரூமுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க. மொதல்ல செவ்வந்தி."

செவ்வந்தி எழுந்தாள். இந்த வேலை போனால் மகளின் காலேஜ் படிப்பு நின்றுவிடும். 'ஆமுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"செவ்வந்தி," என்றாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்லாத்தாள், போனைக் காதிலிருந்து எடுத்தபடி. கனகத்தின் புருசன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியிருக்கிறான். "வெரலை எடுத்துட்டாங்களாமா. ஊட்டுல பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ.ல நஷ்டஈடு கெடையாதுங்கறாங்களாம்."

செவ்வந்தி கௌதமன் பக்கம் திரும்பினாள்.

"நாந்தானுங்க சார் அவளைப் பொய் சொல்லச் சொன்னேன். பயந்துபோட்டேன். அவ வெரலு மெஷின்லதான் போச்சுங்க."

கௌதமனின் சிரிப்பு குறையவில்லை. "உள்ள வாங்க அம்மணி. தனியாப் பேசிக்கலாம்."

தனியாக உள்ளே போனவர்கள் யாரும் அதற்குப் பிறகு வாய் திறந்து செவ்வந்தி பார்த்ததில்லை.

செல்லாத்தாள் சோற்றுப் போசியை மூடினாள். "நானும் வாரேனுங்க."

"பரிசு போயிருமுங்க," என்றான் கௌதமன், எல்லோரையும் பார்த்து.

"போனாப் போகுதுங்க." மூலையிலிருந்து லட்சுமியம்மாள் எழுந்தாள். பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கௌதமனின் அறை சின்னது. ஆட்கள் நிறைந்ததில் கௌதமனுக்கு நாற்காலியை இழுக்க இடமில்லை. செல்லாத்தாள் செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்குங்க சார்," என்றாள் செவ்வந்தி. "கனகத்துக்கு அடிபட்டது இந்த மில்லுலதான். நாங்க எல்லாருமே பாத்தமுங்க."