இல்லாத மின்வெட்டுகளின் பட்டியல்

நெரேய்தாவின் கம்ப்யூட்டரைச் சாய்த்தது வைரஸ் அல்ல. அவளுடைய அக்காள் கணவர் லியோவிகில்தோ. நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒசாமா ஆற்றுக்குக் கிழக்கே அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் இன்ஜினியர். எதற்கு இன்ஜினியர் என்று கேட்பது மரியாதை இல்லை. நகராட்சிக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருஷம் லிஃப்டை மேற்பார்வை செய்தவர். அந்த லிஃப்ட் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிட வந்தபோது நெரேய்தா அழாத குறையாக பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திங்கள் காலை பத்து மணிக்கு நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் விசாரணை. முன்னறையில் அவள் நடத்தும் சலூனில் இரண்டு ஹேர் டிரையரும், அடுக்களையில் ஃப்ரிட்ஜும் வோல்டேஜ் எகிறியதில் எரிந்துபோயிருந்தன. மின்சாரக் கம்பெனி அனுப்பிய பதில் கடிதத்தை அவள் மனப்பாடமாகவே சொல்வாள்: உங்கள் பகுதி இருபத்து நான்கு மணி நேர மின்சாரப் பகுதி, அங்கே மின்வெட்டு கிடையாது, ஆகவே மின்வெட்டால் எதுவும் எரிந்திருக்க முடியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மின்வெட்டையும் எழுத ஆரம்பித்தாள். போன நேரம், வந்த நேரம், எந்த வாடிக்கையாளர் தலையில் முடிச்சுருட்டிகளோடு பாதியில் உட்கார்ந்திருந்தார் என்பது வரை. இரண்டு வருஷத்தில் நானூற்றுப் பதினொன்று. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள். வேறு பிரதி? எடுத்துத் தருவதாக இன்ஜினியர்தான் ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"தள்ளு தள்ளு," என்று நாற்காலியைப் பிடித்தார் அவர். "போன வாரத் தேதிக்கு சிஸ்டத்தைத் திருப்பி வெச்சா பிரிண்டர் தானா ஓடும். சிஸ்டம் ரிஸ்டோர். உனக்குப் புரியாது, விடு."

புரியாததை அவள் விட்டாள். ஆனால் அவர் குனிந்து, இன்வெர்ட்டரிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டியதைக் கண்டதும் பொறுக்கவில்லை.

"அத்தான், அதை எதுக்குப் பிடுங்குறீங்க? நடுவுல கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி கரண்ட் சுத்தமில்லம்மா. இந்த மாதிரி வேலைக்கு லைன் கரண்ட்தான் வேணும். இது இருபத்து நாலு மணி நேரப் பகுதி. கம்பெனியே எழுத்துல கொடுத்திருக்கு."

இரண்டு வருஷமாக இதே வீட்டில் இருட்டில் உட்கார்ந்து சோறு தின்ற மனிதர்!

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது. திரையில் அப்போது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. நாலே காலுக்குத் தெருவே ஒன்றாக "வந்துருச்சு!" என்று கத்தியது. கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை. நீலத் திரை காட்டும், தன்னைத் தானே சரிசெய்வதாகச் சொல்லும், அணையும், மறுபடி எழும்.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போயிருச்சு. எல்லாம் அழிஞ்சிருச்சு. ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஆரம்பிக்க வேண்டியதுதான்."

"கையை எடுங்க."

"என்னது?"

"கீபோர்டுலருந்து கையை எடுங்கன்னேன். எரிஞ்சதே இல்லன்னு கம்பெனி சொல்லுது, அழிஞ்சே போச்சுன்னு நீங்க சொல்றீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒருத்திதான் கிடைச்சேனா?"

நெரேய்தா கூப்பிட்டனுப்ப, மளிகைக் கடைப் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கும் யோகாஸ்தா, ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகியபடி வந்தாள். திரையைப் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரைப் பார்த்தாள்.

"டோன்யா," என்றாள் நெரேய்தாவிடம், பெண்களை அங்கே மரியாதையாக அழைக்கும் சொல்லில். "இதை லைன்ல மாட்டுன புண்ணியவான் யாரு?"

இன்ஜினியர் ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ந்தார். யோகாஸ்தா ஒயரை இன்வெர்ட்டருக்கே திருப்பினாள். பிறகு ஒரு பென் டிரைவைச் செருகி, அதிலிருந்த வேறொரு சிஸ்டத்தைக் கொண்டு மெஷினை எழுப்பினாள்.

"சிஸ்டம்தான் படுத்திருக்கு, டோன்யா. உங்க ஃபைலெல்லாம் ஹார்ட் டிஸ்க்குல அப்படியே இருக்கு. முதல்ல அதை வெளியே எடுத்துருவோம். ஃபார்மட் அடிச்சிருந்தீங்கன்னா நான் வந்து துக்கம்தான் விசாரிச்சிருக்கணும்."

நெரேய்தா தலையைத் திருப்பி அத்தானை ஒரு பார்வை பார்த்தாள்.

கோப்புகள் பிரதியாகிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோ பாட்டின் நடுவே நின்றது. மின்விசிறி தளர்ந்து ஓய்ந்தது. இன்வெர்ட்டர் ஒரு முறை கீச்சிட்டது. திரையில் பச்சைக் கோடு மட்டும் அசராமல் நகர்ந்தது.

"என்ன, மறுபடியும் போச்சா?" என்றார் இன்ஜினியர்.

"எங்க போச்சு? நம்ம பகுதியிலதான் மின்வெட்டே கிடையாதே, அத்தான்."

யோகாஸ்தா சிரிப்பை இருமலாக மாற்றினாள். பட்டியல் முழுசாக வெளியே வந்த பிறகு, பாதியில் நின்ற ரிஸ்டோரை ரத்து செய்தாள். மூன்றாவது முறை மெஷின் பழையபடி எழுந்தது. பிரிண்டர் அப்போதும் ஓடவில்லை. அவள் அதைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திச் செருகியதும் காகிதத்தை இழுத்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் நெரேய்தா. அதைக் கேட்டது யோகாஸ்தாவிடம் அல்ல.

கரண்ட் வந்து தெரு மறுபடி கத்தி ஓய்ந்ததும் நெரேய்தா உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு: மூன்று பத்திலிருந்து நாலே கால் வரை, கம்ப்யூட்டர் படுத்தது. நானூற்றுப் பதின்மூன்று: ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை, வீட்டில் இன்ஜினியர் இருந்தார்.

அச்சாகி வந்த பட்டியலின் கடைசித் தாளை அவர் முன்னால் நீட்டினாள். "சாட்சிக் கையெழுத்து போடுங்க."

"நானா? நான் எப்படி..."

"ரெண்டுக்கும் நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. பேருக்கு முன்னாடி இன்ஜினியர்னும் எழுதுங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது அது வேலை செய்யட்டும்."

அவர் பேனாவை நிதானமாகத் திறந்து, பட்டத்தை முழுசாக, அழகாக எழுதினார்.