கம்பத்துக்குப் பின்னால் ஆள்

தையற்காரியின் தம்பி தெருவிளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து ஏழு வருடமாகிறது. கம்பம் மணிக்கட்டுப் பருமன். தம்பியோ கதவில் பக்கவாட்டாக நுழைகிற உடம்புக்காரன். அப்படியும் சட்டை நுனிகூட வெளியே தெரிவதில்லை.

எல்லாம் அந்தப் பழைய கார்ட்டூன் படத்தால் வந்தது. தையற்காரியின் கணவர் தொலைபேசி அலுவலகத்தில் ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்கிற வேலையில் இருந்தார். பறிமுதல் சாமான்களோடு கிடந்த ஒரு வீடியோ கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். யார் எடுத்தது, எந்த நாட்டுப் பாஷை, ஒன்றும் தெரியாது. நீள மூக்கு உளவாளி ஒருவன் குச்சிக் கம்பத்துக்குப் பின்னால் மறைவான். துரத்துகிறவர்கள் தாண்டிப் போவார்கள். மடியில் குண்டு வெடிக்கும், முகம் கரியாகும், கண் மட்டும் முழிக்கும். அடுத்த காட்சியில் சலவைச் சட்டையோடு வந்து நிற்பான். அக்கா, மாமா, தம்பி மூவரும் தட்டோடு உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பகலில் போனில் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம்; கணவருக்கு அந்தப் படம் ஓடாமல் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பிக்கு வாய் நீளம். தலைவரின் மீசையைப் பற்றி நண்பனிடம் போனில் அடித்த கிண்டலை மாமாவே கேட்டார், மேலே சொல்லியும்விட்டார். மறைத்திருந்தால் தன் தலை போயிருக்கும். தம்பிக்குக் கொஞ்சம் கரி பூசி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தாராம். நினைப்பைப் பாருங்கள்.

சாம்பல் நிற வண்டி முனையில் திரும்பியபோது, வேறு வழி தோன்றாத தையற்காரி சொன்னாள்: "கம்பத்துக்குப் பின்னால போய் நில்லுடா." நின்றான். வந்தவர்கள் அதே கம்பத்தில் சாய்ந்து சிகரெட் பிடித்துவிட்டுப் போனார்கள். வண்டி மட்டும் தினமும் வந்தது. கம்பத்துக்குப் பின்னால் அவள் சோற்றுத் தட்டை நீட்டுவாள், காலியாகத் திரும்பும். காட்டிக்கொடுத்தது தான்தான் என்று கணவர் அந்த வாரமே அழுதார். தம்பியிடம் அதைச் சொன்னாள். கணவரோடு பேசுவதை அன்றே நிறுத்தினாள்.

போன மாதம் மேலதிகாரி, மைத்துனன் எங்கே என்று கணவரைக் கேட்டார். தெரியாது என்று சாதித்தார் மனிதர். மறுநாள் காலை வண்டி அவருக்காகவே வந்தது. தெருவில் இறங்கியவர் எந்தப் பக்கம் ஓடுவதென்று இரண்டு பக்கமும் பார்த்தார். கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது.

"இப்படி வாங்க மாமா. நான் தள்ளிக்கிறேன்."

வந்தவர்கள் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். மதியம் அவள் இரண்டு தட்டு எடுத்துப் போனாள். கம்பத்துக்குப் பின்னால் மாமனும் மைத்துனனும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவையாகக் கணவரிடம் வாய் திறந்தாள்.

"மெதுவாச் சிரிங்க. வண்டி இன்னும் முனையிலதான் நிக்குது."