அலமுவின் இரண்டாவது பரீட்சை

வரலக்ஷ்மி டீச்சர் அந்த ஜாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, அலமு தன் தையல் மிஷின்மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலக்கை வர வேண்டிய இடத்தில் இடக்கை, இடக்கை இடத்தில் வலக்கை. போன பரீட்சையிலும் இதே தப்புதான். அப்போது வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அதை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

குவாரி ஓடிய காலத்தில் கல் லாரிகளை எடை போட்ட அறை அது. குவாரி மூடி, பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, ஆம்பளைகள் ஒரகடம், ஓசூர் என்று பிழைப்புத் தேடிப் போன பிறகு, ஊரில் மிஞ்சியவர்கள் சங்கம் வைத்து அந்த அறையைக் கேட்டு வாங்கினார்கள். ஓட்டைக் கூரையை மாற்றி, ஆறு மிஷின்கள் போட்டு, பள்ளிக்கூடம் பார்க்காத பெரியவர்களுக்கென்று தையல் வகுப்பு ஆரம்பித்தார்கள். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து டீச்சர் ஷேர் ஆட்டோவில் வந்து சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். சங்கத்தில் ஒரே விதிதான். பாஸானவர் மிஷினை அடுத்தவருக்கு விட வேண்டும். நல்ல விதி, யாரும் குறை சொல்ல முடியாது. அலமுவுக்குத்தான் அது எமனாக வந்து வாய்த்தது.

அவள் புருஷன் அப்பாதுரை பாறையில் துளை போடுகிறவராக இருந்தார். அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி, குழம்பில் உப்பு போதுமா என்பதைக்கூட அவரிடம் தெருவுக்கே கேட்கும்படி கேட்க வேண்டியிருந்தது. நெஞ்சில் கல்தூசி சேர்ந்து அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அலமுவின் குரல் இறங்கவில்லை. கத்தத்தான் ஆள் இல்லை. மகன் சரத்குமார் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, சாப்பிட்டாயா என்பான். சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்த பிறகு வீட்டில் வந்து உட்காரும் அமைதியைக் கண்டால் அவளுக்குப் பயம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வகுப்பில் அந்தப் பயம் கிடையாது. "அலமுக்கா, உனக்கு மைக்கே வாணாம்" என்று கேலி பண்ணுவார்கள். நூல் கோக்க ஒருத்தி கூப்பிடுவாள், டீ ஆறிப்போகிறது என்று இன்னொருத்தி திட்டுவாள். அந்தத் திட்டுக்காக அவள் மத்தியானமே தலை வாரிப் பொட்டு வைத்துக் காத்திருப்பாள். பாஸாகிவிட்டால் இதெல்லாம் போய்விடும். தெரிந்துதான் கையை மாற்றித் தைத்தாள்.

எல்லோரும் கிளம்பியதும் டீச்சர் அவளை மட்டும் நிறுத்தினார். வாசலோரம் தரையில் பொன்னி தலை நிமிராமல் ஒரு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் விட்டுப் போனவள். மிஷின் காலியாகும்வரை அவளுக்குக் கைவேலைதான்.

"போன வாரம் துளசி கையை மாத்தி வெச்சப்போ பிரிச்சு சரி பண்ணிக் குடுத்தது நீங்கதானே?" என்றார் டீச்சர், தாழ்ந்த குரலில்.

அலமு கத்திரிக்கோலைத் திறந்து மூடினாள். அவளுக்கும் அன்று குரல் தாழ்ந்துதான் வந்தது. "பாஸாயி இன்னா பண்ணப் போறேன் டீச்சர்? வூட்டுக்குப் போனா செவுத்துக்கிட்டதான் பேசிக்கினு இருக்கணும்."

டீச்சர் அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு அவள் காதில் விழவில்லை. அலமுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுக்கா. அடுத்த தபா பாஸாயிடுவ. துணிக் கம்பெனியில ஆடி கழிச்சுதான் ஆள் எடுக்குறாங்களாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.

அதற்குப் பதில் அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அலமுவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. டீச்சரிடமிருந்து ஜாக்கெட்டை வாங்கி இரண்டு கைகளையும் பிரித்தாள். சரியான பக்கம் வைத்து, குண்டூசி குத்தி, மிஷினை மிதித்தாள். ஆட்டோவுக்கு நேரமாகியும் டீச்சர் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் தையலைத் தடவிப் பார்த்து, "பாஸ்" என்றார்.

அலமு எழுந்துகொண்டாள். "வா, குந்து. சூடா இருக்குது பாரு" என்று பொன்னியைத் தன் இடத்தில் உட்கார வைத்தாள். பொன்னி இரண்டு காலையும் மிதியில் வைத்தாள். சக்கரம் முதலில் பின்னால் ஓடி, அப்புறம் முன்னால் ஓடியது. அவள் சிரித்த சிரிப்பில் டீச்சரும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அலமு வெளியே வந்தாள்.

லாரிகள் ஏறி நின்ற இரும்புத் தட்டு இன்னும் வாசலுக்கு எதிரில் கிடக்கிறது. அதில் கால் வைத்தபோதுதான் செருப்பு கடிப்பது தெரிந்தது. நீல வார், பொன்னியுடையது. திரும்பிப் பார்த்தாள். தன்னுடைய பழுப்புச் செருப்பு வாசலில் கிடந்தது. பொன்னி அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் மாற்றிக்கொள்ள வந்துதானே ஆக வேண்டும். அலமு திரும்பப் போகவில்லை. பள்ளத்துத் தண்ணீரை ஒட்டிய பாதையில், கடிக்கிற செருப்போடு வேகமாக நடந்தாள்.

வீட்டில் விளக்கைப் போட்டு, கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். டீக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து, அந்த நீலச் செருப்பை வீட்டைப் பார்த்தபடி படியோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, அலமு வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.