நியூட்ரலில் போட்ட சுவிட்ச்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. என் மகளின் செய்முறை நோட்டில், பதினோராம் பக்கத்தில், சிவப்பு மையில் மூன்று வரியாகக் கிடந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

என் தொழில் சிமெண்ட் மூட்டை இறக்குவது. எழுத்து எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் வந்தது. மாலை வகுப்பு டீச்சர் ஒரு நாள், "ஆளுக்கு ஒரு பக்கம், உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிட்டு வாங்க" என்றார். எனக்குத் தெரிந்தது மூட்டை. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் படிக்கிறவருக்கும் முதுகு வலிக்கும். அதனால் மகளின் வகுப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவள் பதினோராம் வகுப்பில் மின் கம்பி வேலை படிக்கிறாள். உட்கார்ந்தது ஒரு சனிக்கிழமை மதியம். அந்தப் பக்கம் பாதியில் நிற்கிறது. இப்போது எழுதுவது ஒன்பதாவது தடவை.

2

பழைய தொடக்கம்: "பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, எண்பது அடி நீளத்தில் ஒரு கூடம்—"

எண்பது அடி என்று யார் அளந்தது? நான் அங்கே போனது ஒரே தடவை, பெற்றோர் கூட்டத்துக்கு. செருப்பெல்லாம் சிமெண்ட். வாசலிலேயே நின்றுகொண்டேன். அங்கிருந்து தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்: சுவரோரமாக இருபத்து மூன்று மரப் பலகைகள், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சுவிட்ச், ஒரு ஹோல்டர், நடுவில் கிளிப் அடித்து இழுத்த கம்பி. கருகிய பிளாஸ்டிக் வாசனை. இருபத்திரண்டு பையன்கள், என் மகள் ஒருத்தி.

சாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டெஸ்டர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர்தான் இருக்கும். மின்சாரம் உள்ள இடத்தில் அதன் முனையை வைத்தால் பிடிக்குள் ஒரு குட்டி விளக்கு எரியும்.

ஒரு பையன் பலகையில் பல்பைப் போட்டுவிட்டு, "எரியுது சார்!" என்று கத்தினான்.

"எரியறது கெடக்கட்டும். அணைச்சிட்டு, பல்பக் கழட்டிட்டு, ஹோல்டர்ல டெஸ்டர் வை. ம்? என்ன சொல்லுது?"

"எரியுது சார்..." இந்தத் தடவை கத்தவில்லை.

"லைட்ட யார் போட்டாலும் எரியும்டா. அணைச்சா கரண்டு சாகணும். அதக் கத்துக்கத்தான் இங்க ரெண்டு வருஷம்."

(வீட்டுக்கு வரும் கம்பி இரண்டு. ஃபேஸில் மின்சாரம் வரும், நியூட்ரலில் திரும்பிப் போகும். சுவிட்சை ஃபேஸில் போட வேண்டும். மாற்றி நியூட்ரலில் போட்டாலும் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் காத்துக்கொண்டிருக்கும். இன்று இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அன்று எதுவும் விளங்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.)

3

மகள் மேல் எனக்கு ஒரு சந்தேகம். கதையில் வருகிறவளைச் சொல்கிறேன். ஐந்தாவது தடவை எழுதியபோது அவள் பொய்யே சொல்லாத பெண்ணாக இருந்தாள். அதைப் படித்துவிட்டு என் மகளே, "யாருப்பா இது?" என்று கேட்டாள். எழுதியதை அடித்துவிட்டேன்.

உள்ளபடி அவள் வாய்க்காரி. கூடப் படிக்கும் ஒருவன், "மேடம், எது ஃபேஸ், எது நியூட்ரல்னு தெரியுமா?" என்று சீண்டினால், "வெரல நீட்டு, தொட வெச்சுக் காட்டறேன்" என்பாள். ஆனால் தப்பாகச் செய்துவிட்டால் இருபத்திரண்டு பேரும் சிரிப்பார்களே என்கிற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

என் அக்கா அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக் குளியலறையில் விளக்கு கெட்டு மாதக் கணக்காகியிருந்தது. நான் எழுத உட்கார்ந்த சனிக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மகள் போய்ப் புதுக் கம்பி இழுத்து, சுவிட்சும் ஹோல்டரும் மாட்டிக் கொடுத்தாள். அக்கா எதிர்வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு, போட்டுப் போட்டு அணைத்துக் காட்டினாள்.

"எம் மருமக போட்ட லைட்டு! ஒத்தப் பைசா கூலி வாங்கல!"

"பாஸாகட்டும் அத்தை, வட்டியோட வாங்கிக்கறேன்."

செவ்வாய்க்கிழமை மாலை மகள் நோட்டை நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்துப்பா."

"செவப்புல என்ன எழுதியிருக்கு?"

"நல்லா செய்யறேன்னு எழுதியிருக்கார்."

சாரின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. எனக்கோ அப்போது அச்செழுத்துதான் ஓடும். அதோடு, கட்டைவிரலை மையில் அழுத்திக்கொண்டிருந்தவன், கையெழுத்துப் போடக் கிடைத்தால் விடுவானா? ஆசை ஆசையாகப் போட்டேன். கடைசி எழுத்துக்கு ஒரு சுழி கூடுதலாகவே போட்டேன்.

4

அந்தச் சனிக்கிழமை, பலகை எப்படி இருக்கும் என்று சரியாக எழுத வேண்டுமே என்றுதான் நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்தை இன்னொரு தடவை பார்க்கும் ஆசையும் இருந்தது. பதினோராம் பக்கம். மேலே இருந்த சிவப்பு வரிகளில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன்.

சுவிட்ச் நியூட்ரலில் உள்ளது.
அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.
ஆபத்து. மீண்டும் செய்க.

தேதி, செவ்வாய்க்கிழமை. அக்கா வீட்டு விளக்கு அதற்கு இரண்டு நாள் முன்னால் போட்டது.

அன்று காலையில்தான் அக்கா போனில் சொல்லியிருந்தாள்: "பாத்ரூம் பல்பு போயிருச்சுடா. மத்தியானம் வாங்கி நானே மாட்டிக்கறேன். மூட்ட தூக்கின ஒடம்போட நீ வேற ஏறாத."

"சரிக்கா" என்று சொல்லியிருந்தேன். நான்தான்.

முதல் பிரதி இப்படி நிற்கிறது: "பலகையின் மேல் பக்கத்தில் ஒரு—"

ஒரு என்ன என்பது இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மகள் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். ஓடினேன்.

5

ஓடும்போதே முடிவுகளும் கூட ஓடி வந்தன.

[முடிவு ஒன்று: அக்கா தூங்கிக்கொண்டிருக்கிறாள். பல்பு இன்னும் கடையிலேயே இருக்கிறது.]

[முடிவு இரண்டு: கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. தண்ணீர் கொட்டும் சத்தம். நான் கூப்பிடக் கூப்பிட—]

மாட்டேன். இந்த இடம் வரை வந்த தடவையெல்லாம், இதை எழுதாமல் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

நடந்தது இது. ஈரத் தரை. இரும்பு ஸ்டூல். அதன் மேல் வெறுங்காலோடு அக்கா. ஒரு கையில் புது பல்பு, இன்னொரு கை பித்தளை ஹோல்டரைத் தேடி மேலே போகிறது.

"அக்கா, கைய எடு!"

"கத்தாதடா, விழுந்துருவேன். சுவிட்ச அணைச்சிட்டுத்தான் ஏறினேன். நான் என்ன கொழந்தையா?"

"எறங்குக்கா."

"எதுக்கு?"

"எறங்குன்னா எறங்கேன்!"

நான் அக்காவை அதட்டியது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியிலேயே இறங்கிவிட்டாள். மெயின் சுவிட்சை அணைத்தேன். அப்புறம்தான் என் இன்னொரு கையில் நோட்டு கசங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எம் மருமக வேலையில குத்தம் கண்டுபிடிக்கவா ஓடியாந்தே?"

(நாலாவது பிரதியில் இந்த இடத்தில், "குத்தம் என்னோடதுக்கா, படிக்காம கையெழுத்துப் போட்டேன்" என்று நான் சொல்வதாக வரும். அன்று அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.)

6

நாலு மணிக்கு மகள் பையோடு வந்தாள். வந்ததும் அவளை இங்கே அனுப்பும்படி எங்கள் எதிர்வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தாள்.

"வாசிச்சியாப்பா?"

"வாசிச்சேன்."

"முழுசா?"

"கடைசிப் புள்ளி வரைக்கும்."

"புதன்கிழமை சாயங்காலமே வந்து மாத்திட்டேன்ப்பா. அத்தை கடைக்குப் போயிருந்தாங்க."

"சாவி பூந்தொட்டிக்கு அடியிலதான் இருக்கும், அவளுக்குத் தெரியும்" என்றாள் அக்கா. யாரும் அவளைக் கேட்கவில்லை.

"அப்ப ஏன்டி செவ்வாய்க்கெழம அப்படிச் சொன்னே? நான் என்ன சிரிக்கவா போறேன்?"

"நீ சிரிக்க மாட்டே. பயந்துருவே. வகுப்ப விட்டு நிறுத்திருவே."

அது பொய் இல்லை. ஓடி வந்த வழியில் அதைத்தான் முடிவு செய்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பொய் சொன்னவள் புதன்கிழமை மாற்றியிருக்கலாம். மாற்றாமலும் இருக்கலாம்.

அவள் ஸ்டூலைத் துடைத்தாள். ரப்பர் செருப்பை மாட்டினாள். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "மெயினப் போடுப்பா" என்றாள். போட்டேன். ஏறப் போனவள் நின்றாள். செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். டெஸ்டரை நீட்டினாள்.

"நான் சொன்னா நம்பாத. நீயே வெச்சுப் பாரு."

ஏறினேன். முனை ஹோல்டருக்குப் பக்கத்தில் போனது. மகள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குட்டி விளக்கு எரிந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். எழுதினால் நான் சொன்னதை அப்படியே நம்பிவிடுவீர்கள். நானும் அப்படித்தானே, சொன்னதை நம்பிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். அவள் இன்னும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். பன்னிரண்டாம் பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. அதைப் போட அரை மணி நேரம் ஆயிற்று. அவள் பக்கத்திலேயே, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

டெஸ்டர் இனி உங்கள் கையில். செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டியாவது எல்லாவற்றையும் இன்னொரு தடவை படித்துவிட்டு, முடிவை எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

முடிவு: ..............................

படித்தவர் கையெழுத்து: ..............................