கவுதாரித் துப்பாக்கி

“எக்கா, இன்னாக்கா உம் புருசன், எங்கையில பன்னி சுடற தடிச்ச கொழாயக் குடுத்துட்டு சன்னக் கொழாய அவரு எடுத்துக்கினாரு.”

“ஏன், அதுல சுட்டா குண்டு போவாதா?”

“போவும். கவுதாரி மேல பட்டா றெக்கை மட்டுந்தான் வூட்டுக்கு வரும். கொழம்புல இன்னாத்தப் போடுவ, றெக்கையவா?”

“நீ மொதல்ல சுட்டு எடுத்துக்கினு வா சாமி. அப்பறம் பாக்கலாம்.”

நான்கு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடத் திரௌபதிக்கு மறக்கவில்லை. தம்பி லட்சுமணன் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். விடிந்தும் விடியாத நேரத்தில் தடித்த குழாய்த் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அக்கா கணவனுக்குப் பின்னால் சரிவில் இறங்கிப் போனான். பத்து மணிக்கு அவனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அடிபட்ட கவுதாரியைத் துரத்திப் போனவன் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று அவள் கணவன் வேடியப்பன் சொன்னான். போலீசுக்குச் சொன்னால் துப்பாக்கி ஏது என்ற கேள்வி வரும், ஒரு வீட்டோடு நிற்காது, ஊரையே சல்லடை போடுவார்கள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

இப்போது அந்த இரண்டு துப்பாக்கிகளும் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு கோணிமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. புதூர்நாட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் போன வாரம் முழுக்க ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு கிடையாது, பெயரும் கேட்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமை கடைசி. ஒன்றுமே கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுப்பதாக முடிவானது. நாளைக் காலை ஜீப் வருகிறது. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று வேடியப்பன் அரை மணி நேரமாகக் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே மேகம் கட்டி, வெயில் ஒரு மாதிரி மஞ்சளாக அடித்தது. காற்றே இல்லை.

வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்த பஞ்சாட்சரம் தாழ்வாரத்து மரத்தூணில் சாய்ந்து நின்றார். ஊரில் யார் வீட்டுக் காரியமானாலும் முன்னால் நிற்கிறவர்.

“இன்னாடா வேடியப்பா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் இப்படிப் பாத்துக்கினு கீற. மூத்தவளா, இளையவளா?”

வேடியப்பன் சிரிக்கவில்லை.

“இதுல யோசிக்க இன்னா கீது? தடிச்சதக் குடுத்துடு. பன்னி அடிச்சா பாரஸ்ட் ஆபீசுல இருந்து தேடிக்கினு வருவான். கவுதாரி, காடைய எவன் எண்றான்? சன்னக் கொழாய்தான் பறவைக்கு. தோள்ல வெச்சா கொழந்தையாட்டம் ஒக்காரும். ரவைக் குண்டும் அகலமா விரியும், பறந்தாலும் தப்பாது. ஊர்ல அந்த மாதிரி ஒண்ணு வேற யாருகிட்டயும் இல்ல.”

“சன்னத்தக் குடுத்துடுறேன்,” என்றான் வேடியப்பன்.

“டேய், நீ அடிக்கறதே கவுதாரி. இந்த நாலு வருசமா பன்னிக் கொழாயில சுட்டு, பஞ்சு மெத்தையக் கிழிச்ச மாதிரி எடுத்துக்கினு வர. ஊரே சிரிக்குது. நல்லதக் குடுத்துட்டு அத எதுக்கு…” என்று சொல்லிக்கொண்டே போன பஞ்சாட்சரம் சட்டென்று நிறுத்தினார். அவர் கண் திரௌபதியின் பக்கம் ஒரு கணம் வந்து, உடனே தரைக்குப் போனது. அன்று கட்டிலின் ஒரு காலைத் தூக்கி வந்தவர் அவர். “சரி சரி, உன் இஷ்டம். எம்மாடி, கொஞ்சம் தண்ணி குடு,” என்றார். சொம்பை வாங்கி அண்ணாந்து முழுதும் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

துப்பாக்கியைப் பற்றித் திரௌபதிக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படியில் தெரிந்துகொண்டதுதான். கவுதாரியின் தோலை உரிக்கும்போது விரலால் தடவித் தடவி ரவையைப் பொறுக்கவேண்டும், இல்லாவிட்டால் பல்லில் கடிபடும். சன்னக் குழாய்க்குப் போடும் ரவை கடுகு போல இருக்கும். அது போன இடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். தடித்த குழாய்க்கு மிளகு அளவு, அது சதையையே பிய்த்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தொட்டாலே எந்தத் துப்பாக்கி என்று அவளால் சொல்லமுடியும்.

கட்டிலில் கிடந்த தம்பியின் கன்னத்தை அன்று இரண்டு கையாலும் பிடித்தபோது, இடது காதுக்குக் கீழே, துண்டு விலகிய இடத்தில், அவள் விரல் பட்டது. ஏழெட்டுப் புள்ளிகள். கழுத்து வரைக்கும் விரிந்து கிடந்தன. “முள்ளு கிழிச்சது,” என்றான் வேடியப்பன், அவள் கேட்காமலே. துண்டை இழுத்து மூடினான்.

அதற்கு முந்தின இரவு சாப்பிடும்போது லட்சுமணன் மேட்டுக் கொல்லையில் தன் பங்கைப் பிரித்துத் தரக் கேட்டிருந்தான். அப்பா போனதிலிருந்து அதை வேடியப்பன்தான் உழுதுகொண்டிருந்தான். பாதிச் சாப்பாட்டில் கையைக்கூடக் கழுவாமல் வேடியப்பன் எழுந்து வெளியே போனான். காலையில் பார்த்தால் இருவரும் ஒன்றுமே நடக்காததுபோல வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். ஆம்பிளைங்க சண்டை அவ்வளவுதான் என்று அவள் நிம்மதியாகச் சிரித்துக்கூட இருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கொல்லை இப்போது முழுதும் அவர்களுடையது. அறுப்பு முடிந்ததும் முதல் மூட்டைச் சாமையை அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட்டுத்தான் வேடியப்பன் தன் வீட்டுக்குக் கொண்டுவருவான். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தபோது பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தான். திரௌபதிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து, ஆற்றி, டம்ளரைக் கையில் கொடுப்பான். கல்யாணமான புதிதில்கூட அவன் இவ்வளவு நல்லவனாக இருந்ததில்லை. அந்த நல்லதனம் ஒவ்வொன்றும் அவளைப் பயமுறுத்தியது. செய்யாத தப்புக்கு ஒருத்தன் இவ்வளவு செய்வானா? வேண்டுமென்றே செய்தவனால்தான் இவ்வளவு செய்யமுடியுமா? பறந்த பறவையைத் திரும்பிச் சுட்டபோது தவறிப் பட்டதா, இல்லை வேறா? நான்கு வருஷமாக அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இதை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் சரிதா லீவுக்கு வரும்போதெல்லாம், அடுத்த தடவை கேட்கலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். பதில் வந்துவிட்டால் இந்த வீட்டில் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேடியப்பன் சன்னக் குழாயைக் கையில் எடுத்தான். அன்றைக்குப் பிறகு அவன் அதைத் தொடுவதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். தோளில் வைத்துப் பார்க்கவில்லை, துடைக்கவும் இல்லை. பாம்பைப் பிடிப்பதுபோல உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து, கோணியில் வைத்து உருட்டினான்.

“அதுல இன்னா கொறைங்க?” என்று கேட்டாள்.

“வெடிமருந்து தீப் பத்தறதில்ல. நமுத்துப் போவுது.”

“எப்ப சுட்டுப் பாத்தீங்க?”

அவன் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டான். அது நழுவியது. மறுபடி போட்டான், மறுபடியும் நழுவியது. “இந்தா, இங்க வெரல வை,” என்றான்.

அவள் குந்தி உட்கார்ந்து, முடிச்சின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். கோணிக்குள்ளிருந்து இரும்பின் குளிர் விரலுக்கு ஏறியது. நாளை ஜீப்பில் நூறு துப்பாக்கிகளோடு இதுவும் போய்விடும். எங்கோ கொண்டுபோய் உருக்குவார்களாம். அதன் பிறகு கேட்டால் எந்தத் துப்பாக்கி என்று கேட்பான். எந்தப் புள்ளி என்று கேட்பான். தூரத்தில் ஒரு இடி உருண்டது. பின்னால் புதரில் கத்திக்கொண்டிருந்த கவுதாரிகள் ஒரே நேரத்தில் அடங்கிப்போயின. அவன் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. காதோரம் நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“இழுக்கறேன், வெரல எடுத்துக்க,” என்றான்.

அவள் எடுக்கவில்லை. கயிறு விரலைக் கவ்வியது.

“ஏங்க,” என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. “அன்னிக்கு எந்தம்பிக்கு இன்னா நடந்துச்சுன்னு உங்க வாயால எங்கிட்ட சொல்லுங்க.”